ஏசியே போடாத மாதத்தில் மின்கட்டணம் ஏறியது ஏன்?

சிங்கப்பூரின் சுவா சூ காங் வட்டாரத்தில் நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இருக்கும் 44 வயது வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.

வீட்டில் அவர், கணவர், 16 வயது மகன், 12 வயது மகள். நவம்பர் நடுவில் புதுக்கோட்டையிலிருந்து 76 வயது மாமியார் வந்து தங்கியிருக்கிறார். அவருக்குச் சர்க்கரையும் மூட்டுவலியும் உண்டு. ஓர் அறையைத் திருச்சியிலிருந்து வேலைக்கு வந்த ஓர் இளைஞருக்கு மாதம் 900 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) விட்டிருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் 'பியூபி உட்பட', அதாவது மின்சார, தண்ணீர்க் கட்டணமும் வாடகையில் அடக்கம் என்று எழுதியிருக்கிறது. நவம்பரில் மின்சாரம் 380 யூனிட், 114 வெள்ளி. டிசம்பரில் ஏறக்குறைய அதே அளவு. ஜனவரியில் 640 யூனிட், 192 வெள்ளி! இரண்டு மாதமும் விடாத மழை. ஏசி நான்கைந்து இரவுகளுக்கு மேல் ஓடவில்லை என்கிறார்.

வாசகியின் சந்தேகம் இருவர் மேல். ஒன்று, மாமியார். காலையில் வெந்நீர் இல்லாமல் குளிக்க மாட்டார். அவருக்காக ஹீட்டர் நாள் முழுதும் எரிகிறது. "கரண்டு மிச்சமாகும்" என்று ஊரிலிருந்து கொண்டுவந்த ஹீட்டர் ராடை வாளியில் போட்டுக் காயவைப்பதும் உண்டு. இதைச் சொல்லப் போய், "எங்கம்மாவைக் குளிக்காதே என்று சொல்லச் சொல்கிறாயா?" என்று கணவர் இரண்டு நாள் பேசவில்லை. மற்றவர் அந்த இளைஞர். கதவைச் சாத்திக்கொண்டு ஏசி போடுகிறாரோ என்று ஐயம். முன்பணத்தில் 80 வெள்ளி பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்கிறார். இதற்கிடையில் மகள், பாட்டிக்கு இணையத்தில் ரூம் ஹீட்டர் வாங்க வேண்டும் என்று நிற்கிறாள். ராடு மலிவா, தொட்டி ஹீட்டர் மலிவா? ரூம் ஹீட்டர் வாங்கலாமா? மின்சாரம் விற்கும் நிறுவனத்தை மாற்றினால் குறையுமா? இவை மற்றக் கேள்விகள்.

அன்புச் சகோதரிக்கு,

வீடுகளின் மின்பயன்பாட்டைக் கணக்கெடுக்கும் பொறியாளன் நான். 'ஏசி பில் குறைய வழி சொல்லுங்கள்' என்று கேட்டு வரும் கடிதங்கள்தான் அதிகம். குளிர்காலச் செலவைக் குறைக்கச் சொல்லிச் சிங்கப்பூரிலிருந்து வரும் கடிதம் அபூர்வம். ஆனால் உங்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் பனி பெய்யாவிட்டாலும் டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவமழை இரண்டு மூன்று நாள் விடாமல் கொட்டும்போது வீடு நன்றாகவே குளிர்ந்துவிடுகிறது. 2018 ஜனவரியில் 21, 22 டிகிரி வரை இறங்கியது. புதுக்கோட்டை வெயிலில் 76 வருடம் இருந்தவருக்கு அது குளிர்தான். அத்தையை 'சும்மா சொல்கிறார்' என்று நினைக்க வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி ஒன்று கடைசிப் பத்தியில், போகிற போக்கில் வருகிறது: "நவம்பர் விற்பனையில் தள்ளுபடியில் டிரையர் வாங்கியிருக்காவிட்டால் மழையில் திண்டாடியிருப்போம்." அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் பில்.

ஜனவரி பில் ஜனவரி மாதத்துக்கு மட்டும் உரியதல்ல

நீங்கள் வெள்ளியைச் சொன்னதோடு நிற்காமல் யூனிட்டையும் குறிப்பிட்டிருப்பது நல்ல பழக்கம். பலர் கட்டவேண்டிய தொகையை மட்டும் பார்த்துக் குழம்புவார்கள். அரசாங்கம் வீவக குடும்பங்களுக்குத் தரும் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் வரவாகிறது. வரவான மாதம் பில் இறங்கும்; தள்ளுபடி தீர்ந்த மாதம் ஏறியதுபோலத் தெரியும். யூனிட் அப்படி ஏமாற்றாது.

ஆனால் யூனிட்டிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பழைய வகை மீட்டர் உள்ள வீடுகளுக்கு, மின்கம்பியையும் மீட்டரையும் கவனிக்கும் எஸ்பி குரூப் நிறுவனத்தின் ஊழியர் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வந்து அளவு எடுப்பார். இடைப்பட்ட மாதத்துக்கு உங்கள் முந்தைய பயன்பாட்டை வைத்து ஒரு மதிப்பீடு போடுவார்கள். நீங்கள் அனுப்பிய படங்களில் டிசம்பர் பில்லைப் பெரிதாக்கிப் பாருங்கள். அளவுக்குப் பக்கத்தில் மதிப்பீடு என்று குறிப்பு இருக்கிறது. அதாவது டிசம்பரின் 380 யூனிட் உங்கள் வீட்டு மீட்டர் காட்டியது அல்ல, கணினி ஊகித்தது. நீங்கள் டிசம்பரில் கூடுதலாகச் செலவழித்ததெல்லாம் ஜனவரியில் மீட்டரைப் பார்த்தபோது மொத்தமாக வந்து விழுந்திருக்கிறது.

எனவே இரண்டு மாதத்தையும் கூட்டுங்கள். 380, 640; மொத்தம் 1,020. மாதத்துக்கு 510. நவம்பரோடு ஒப்பிட்டால் மாதம் 130 யூனிட் கூடுதல். ஒரு யூனிட் பொருள் சேவை வரியோடு ஏறத்தாழ 30 காசு என்று வைத்துக்கொண்டால் 39 வெள்ளி. நீங்கள் பயந்த 78 வெள்ளியில் சரிபாதி. பில் தவறில்லை, மீட்டரும் பழுதில்லை.

அதற்காக நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. நவம்பரின் 380 யூனிட்டில் ஏசி எப்படியும் 110 யூனிட் தின்றிருக்கும். ஏசியைக் கழித்துவிட்டால் உங்கள் வீட்டு அடிப்படைச் செலவு 270 யூனிட்தான். மழை மாதங்களில் ஏசி இல்லாமலே 510 ஆகியிருக்கிறது. 240 யூனிட் புதிதாக எங்கிருந்தோ வந்திருக்கிறது.

வெந்நீர்க் கணக்கு

ஹீட்டர் நாள் முழுதும் 'எரிகிறது' என்று எழுதியிருக்கிறீர்கள். சுவிட்சில் சிவப்பு விளக்கு எரிவது வேறு, உள்ளே கம்பிச்சுருள் எரிவது வேறு. உங்கள் 38 லிட்டர் தொட்டியில் இருப்பது 3,000 வாட் சுருள். அது உண்மையிலேயே 24 மணி நேரமும் எரிந்திருந்தால் ஒரு நாளைக்கு 72 யூனிட், 21 வெள்ளிக்கு மேல். மாதம் அறுநூறு வெள்ளியைத் தாண்டியிருக்கும். அப்படி நடக்கவில்லை. தண்ணீர் குறிப்பிட்ட சூட்டைத் தொட்டதும் சுருள் தானாக அணைந்துவிடும். பிறகு தொட்டியின் சுவர் வழியே கசிகிற சூட்டை ஈடுகட்ட அவ்வப்போது சில நிமிடம் எரியும். அந்தக் கசிவு உங்கள் அளவுத் தொட்டிக்கு நாளைக்கு முக்கால் யூனிட் அளவில் இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஆறு, ஏழு வெள்ளி. வீண்தான், ஆனால் நீங்கள் தேடும் திருடன் இது இல்லை.

செலவு தண்ணீரைக் காய்ச்சுவதில் இருக்கிறது. எத்தனை லிட்டர், எத்தனை டிகிரி என்பதைத் தவிர வேறு ரகசியம் எதுவும் கிடையாது. குழாயில் வருவது 27 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். அத்தை ஒரு வாளி, 20 லிட்டர், 40 டிகிரி சூட்டில் குளிக்கிறார். அதற்குச் செலவு 0.3 யூனிட். ஒன்பது காசு!

இப்போது உங்கள் மகன். "ஷவருக்குள் போனால் கால்மணி நேரம், பாட்டு வேறு" என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நிமிடத்துக்கு 7 லிட்டர் என்றால் 105 லிட்டர். அதை 38 டிகிரிக்குக் கொண்டுவர 1.3 யூனிட், நாற்பது காசு. பேரனின் ஒரு குளியலில் பாட்டி நாலு நாள் குளித்துவிடலாம். (என் வீட்டிலும் ஒருத்தி இருக்கிறாள். கதவைத் தட்டித் தட்டி என் விரல் மூட்டு தேய்ந்ததுதான் மிச்சம்.) மகள், கணவர், அறையில் வாடகைக்கு இருக்கும் அந்தத் தம்பி, நீங்கள் என்று எல்லோரையும் சேர்த்தால் நாளைக்கு 4.3 யூனிட், மாதத்துக்கு 130. நவம்பரில் பாதிப் பேர் பச்சைத் தண்ணீரில் குளித்தபோது இது 50 யூனிட் அளவில்தான் இருந்திருக்கும். தொட்டி எப்போதும் சூடாக இருக்கிறது என்று தெரிந்தபின் வீடே வெந்நீருக்கு மாறியிருக்கிறது. அத்தைக்காகப் போட்ட ஹீட்டர்தான், ஆனால் அதில் அதிகம் குளித்தது அத்தை இல்லை.

இதற்குச் செய்ய வேண்டியது சிறியது. எல்லோரும் அடுத்தடுத்துக் குளிப்பதாக நேரம் வைத்துக்கொண்டு, அரை மணி முன்னதாக ஹீட்டரைப் போடுங்கள். கடைசி ஆள் வந்ததும் அணையுங்கள். ஷவருக்கு ஐந்து நிமிடம் என்பது பொதுப் பயனீட்டுக் கழகம் பல வருடமாகச் சொல்லிவருவது. தண்ணீர்க் கட்டணமும் சேர்ந்து இறங்கும். மிச்சம் பிடிக்கிறேன் என்று தொட்டியின் சூட்டை 45, 50 டிகிரிக்குக் குறைத்துவிட வேண்டாம். வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் நீரில் லெஜியனெல்லா என்ற நுரையீரல் நோய்க்கிருமி வளரும்; தொட்டி 60 டிகிரியைத் தொடுவது நல்லது.

ராடு

அத்தையின் ராடு மிச்சம் பிடிக்கிறது என்ற எண்ணம் நம்மவர்களிடம் பரவலானது. ராடு, தொட்டி ஹீட்டர், உடனடி ஹீட்டர் மூன்றிலும் இருப்பது அதே மின்கம்பிச் சுருள்தான். ஒரு வாளி நீரை ஒரே சூட்டுக்குக் கொண்டுவர மூன்றும் ஏறத்தாழ ஒரே யூனிட் எடுக்கும். ராடு மலிவாகத் தெரிவதற்குக் காரணம் வாளி. அளந்து காய்ச்சுகிறோம், அளந்து குளிக்கிறோம். அந்த வாளியைத் தொட்டித் தண்ணீரில் நிரப்பினாலும் அதே ஒன்பது காசுதான்.

ஆபத்து மட்டும் ஒன்றல்ல. தண்ணீருக்குள் மின்சாரம், கீழே ஈரத்தரை, பக்கத்தில் 76 வயதுக்காரர். சுவிட்சை அணைக்காமல் தண்ணீர் சூடாகிவிட்டதா என்று கையைவிட்டுப் பார்த்து இறந்தவர்கள் ஊரில் எத்தனையோ பேர். உங்கள் வீட்டு ராடு உருண்டை முள் பிளக்; அதைப் பயண அடாப்டர் வழியாக நம் 13 ஆம்பியர் சாக்கெட்டில் செருகியிருக்கிறீர்கள். அந்த மாதிரி அடாப்டரெல்லாம் கைப்பேசிக்கு உகந்தது, 1,500 வாட்டுக்கு அல்ல. இங்கே கடையில் விற்கும் ராடுக்குப் பாதுகாப்பு முத்திரை கட்டாயம்; ஊரிலிருந்து பெட்டியில் வந்ததற்கு அது இருக்காது. ராடை இன்றைக்கே கட்டி வையுங்கள். இந்தக் கடிதத்தில் தள்ளிப்போடக் கூடாத ஒரே விஷயம் இதுதான்.

அப்புறம், மின்பெட்டியைத் திறந்து ஆர்சிசிபி இருக்கிறதா என்று பாருங்கள். மின்கசிவு ஏற்பட்டால் நொடிக்குள் துண்டிக்கும் பாதுகாப்பு சுவிட்ச் அது. 'டெஸ்ட்' என்று சிறு பொத்தான் இருக்கும். அழுத்தினால் உடனே விழ வேண்டும். விழாவிட்டால் உரிமம் பெற்ற மின்பணியாளரைக் கூப்பிடுங்கள். 1985க்கு முன் கட்டிய பழைய வீடுகள் சிலவற்றில் அது இல்லாமல் இருந்தது. 2023 ஜூலையில் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கி, பொருத்திக்கொள்ள இரண்டு வருட அவகாசம் கொடுத்தார்கள். அந்த அவகாசமும் முடிந்துவிட்டது.

இனி டிரையர்

நீங்கள் வாங்கியது சுருளால் காற்றைச் சூடாக்கும் சாதாரண வகை. விலை குறைவாக இருந்ததற்குக் காரணமும் அதுதான். ஒரு முழுச் சுமைக்கு மூன்று முதல் நான்கு யூனிட் எடுக்கும். ஆறு பேர் வீட்டில் சீருடை, துண்டு, படுக்கை விரிப்பு என்று வாரத்துக்கு ஒன்பது, பத்துச் சுமை. மாதம் 40 சுமை போட்டிருந்தால் 130 யூனிட்.

இப்போது கூட்டுங்கள். டிரையர் 130, வெந்நீரில் கூடியது 80, தொட்டிக் கசிவு 20. மொத்தம் 230. நாம் தேடியது 240. மீதி பத்து யூனிட்டை அந்த நான்கைந்து ஏசி இரவுகளுக்குக் கொடுத்துவிடலாம்.

டிரையரை விற்றுவிடச் சொல்லவில்லை. மழை நாளில் பள்ளிச் சீருடை காயாத வீட்டில் அது தேவைதான். ஆனால் அதற்கு வேலையைக் குறைத்துக் கொடுக்கலாம். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க இயற்கை விதித்த விலை சுமார் 0.65 யூனிட், இயந்திரத்தின் விரயத்தையும் சேர்த்தால் ஒரு யூனிட்டை நெருங்கும். அதே ஒரு லிட்டரைச் சுழற்றிப் பிழிந்து வெளியேற்ற ஆகும் செலவு சில காசுகூட இல்லை. உங்கள் துவைக்கும் இயந்திரம் 800 சுற்றில் பிழிகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அதில் 1,400 வரை இருக்கிறது. ஆறு கிலோ பருத்தித் துணி 800 சுற்றில் பிழிந்தபின் நாலு லிட்டருக்கு மேல் நீரைப் பிடித்துக்கொண்டிருக்கும். 1,400இல் மூன்று லிட்டரை ஒட்டி வந்துவிடும். ஒரு பொத்தானை மாற்றுவதில் சுமைக்கு ஏறத்தாழ 30 காசு. பட்டு, மென்துணிகளுக்கு மட்டும் வேண்டாம்.

அடுத்தது காற்றாடி. மழைக்காலத்தில் துணி காயாததற்குக் குளிரைவிட ஈரக்காற்று அசையாமல் நிற்பதே காரணம். கொடிக்கம்பியைக் கூடத்தில் வைத்து, துணிக்குத் துணி இடைவெளி விட்டு, ஜன்னலை ஒரு சாண் திறந்து, காற்றாடியை இரவு முழுக்க அதன்மேல் ஓடவிடுங்கள். எட்டு மணி நேரத்துக்குப் பத்துக் காசு ஆகும். காலையில் துணி முக்கால்வாசி காய்ந்திருக்கும். மிச்ச ஈரத்துக்கு இருபது நிமிடம் டிரையர் போதும். அத்தை படுக்கும் அறையில் மட்டும் ஈரத்துணி போட வேண்டாம். பூஞ்சை பிடிக்கும், மூச்சுக்கும் நல்லதில்லை. டிரையரின் பஞ்சு வடிகட்டியை ஒவ்வொரு சுமைக்கும் பிறகு தட்டிவிடுங்கள்.

அடுத்த முறை வாங்கினால் ஹீட் பம்ப் வகையைப் பாருங்கள். பாதிக்குப் பாதி மின்சாரம்தான் எடுக்கும். ஆனால் இரண்டு மாத மழைக்காக இப்போதே மாற்றினால் விலைக்குக் கட்டாது.

ரூம் ஹீட்டரும் வெந்நீர்ப் பையும்

மகளின் அக்கறையைப் பாராட்டிவிட்டு, 'வேண்டாம்மா' என்று சொல்லிவிடுங்கள். 2,000 வாட் ஹீட்டர் இரவில் ஐந்து மணி நேரம் ஓடினால் பத்து யூனிட், மூன்று வெள்ளி. நம் வீடுகள் காற்றோட்டத்துக்காகக் கட்டப்பட்டவை, சூடு தங்காது. போர்வை, திரைச்சீலை பக்கத்தில் இருந்தால் தீ அபாயம் வேறு.

ஆளைச் சூடாக வைத்தால் போதும், அறையைச் சூடாக்க வேண்டியதில்லை. காற்றடிக்கும் பக்கத்து ஜன்னலைச் சாத்துங்கள், காலுக்கு உறை, மேலுக்கு ஒரு ஸ்வெட்டர். படுக்குமுன் ஒரு வெந்நீர்ப் பை; அதற்கு இரண்டு காசுதான் செலவு. சர்க்கரை உள்ளவர்களுக்குக் காலில் உணர்ச்சி மங்கியிருக்கலாம், சூடு பட்டாலும் தெரியாது. எனவே கொதிநீரை ஊற்றாதீர்கள், பையைத் துணியில் சுற்றுங்கள், காலில் நேராகப் படாமல் போர்வைக்குள் வைத்துப் படுக்கைச் சூடானதும் எடுத்துவிடுங்கள். குளிக்கும் நீரையும் வேறொருவர் கைவைத்துப் பார்த்துக் கொடுப்பது நல்லது. கும்முட்டி அடுப்பில் கரி போட்டு அறைக்குள் வைக்கலாம் என்று அத்தை கேட்டால் கண்டிப்பாக மறுத்துவிடுங்கள். மூடிய அறையில் கரிப்புகை ஆளையே கொன்றுவிடும்.

அந்தத் தம்பியின் 80 வெள்ளி

சட்டம் என் துறை இல்லை. ஆனாலும் வாடகை வீட்டு பில் சண்டைகளை நிறையப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: பிடிக்காதீர்கள். 'பியூபி உட்பட' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். உச்சவரம்பு எதுவும் எழுதவில்லை. எவ்வளவு ஓடினாலும் அது 900க்குள் அடக்கம் என்றுதான் அதற்குப் பொருள். முன்பணம் வாடகை பாக்கிக்கும் சேதத்துக்கும்தான்; உங்கள் ஊகத்துக்கு அல்ல. அவர் சிறு கோரிக்கைகள் நடுவர் மன்றத்துக்குப் போகலாம். இரண்டு வருடத்துக்கு மேற்படாத குடியிருப்பு வாடகை வழக்குகளை அங்கே எடுப்பார்கள், வரம்பு 20,000 வெள்ளி, வழக்கறிஞர் கிடையாது, கட்டணமும் சொற்பம். 'ஏசி போட்டிருப்பார்' என்பதற்கு உங்களிடம் அங்கே காட்ட ஒரு காகிதமும் இல்லை.

உண்மையும் அவர் பக்கம்தான் இருக்கிறது. மேலே போட்ட கணக்கில் அவர் பங்கு ஆறில் ஒருவருக்கு உரிய வெந்நீரும் கொஞ்சம் டிரையரும்தான். மழை இரவில் வெளியே 24 டிகிரி இருக்கும்போது இன்வெர்ட்டர் ஏசியை 25இல் வைத்தால் அதன் அமுக்கி (கம்ப்ரஸர்) அநேகமாகச் சும்மாதான் இருக்கும். அவர் இரண்டு மூன்று இரவு கூடப் போட்டிருந்தாலும் பெரிய வித்தியாசம் வந்திருக்காது.

அடுத்த ஒப்பந்தத்தில் நீங்கள் வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். வீட்டு மொத்தப் பயன்பாடு மாதம் இத்தனை யூனிட்டைத் தாண்டினால் கூடுதலில் ஆறில் ஒரு பங்கு என்று, யூனிட்டில் எழுதுங்கள், வெள்ளியில் வேண்டாம். கட்டணம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மாறும். நடுவில் ஏதாவது மாற்ற வேண்டுமென்றால் அவரும் ஒத்துக்கொண்டு எழுத்தில் இருக்க வேண்டும்.

நிறுவனத்தை மாற்றினால்?

கொஞ்சம் குறையலாம், பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். யூனிட்டுக்கு இரண்டு காசு குறைந்தாலும் 510 யூனிட்டுக்குப் பத்து வெள்ளிதான். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் மின்கம்பியும் மீட்டரும் எஸ்பி குரூப் பொறுப்பில்தான், மின்சாரத்தின் தரமும் அதேதான். ஒப்பந்த காலம், பாதியில் விலகினால் அபராதம், வைப்புத்தொகை மூன்றையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். 2021 கடைசியில் எரிவாயு விலை எகிறியபோது சில நிறுவனங்கள் சந்தையைவிட்டே போயின. யார் வீட்டிலும் மின்சாரம் நிற்கவில்லை, எஸ்பி குரூப்புக்கு மாற்றிவிட்டார்கள். எனவே பயப்படவும் வேண்டாம், மயங்கவும் வேண்டாம்.

கையில் ஏற்கெனவே இருக்கும் காசை மறந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். சிங்கப்பூரர் உள்ள வீவக குடும்பங்களுக்கு 2024 ஏப்ரலில் 300 வெள்ளி, 2025 ஏப்ரலில் மேலும் 100 வெள்ளிக்கு, மின்சாரத்தையும் தண்ணீரையும் மிச்சப்படுத்தும் சாதனங்கள் வாங்கப் பருவநிலைப் பற்றுச்சீட்டு கொடுத்திருக்கிறார்கள். 2027 டிசம்பர் வரை செல்லும், சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளம் வழியாக எடுக்கலாம். மின்சாரம் குறைவாக எடுக்கும் டிசி காற்றாடி, தண்ணீர் குறைவாக எடுக்கும் ஷவர் ஆகியவை வாங்கக்கூடிய சாதனங்களின் பட்டியலில் உண்டு. உங்கள் வீட்டுக்கு இரண்டும்தான் தேவை.

கணவரிடம் எப்படிப் பேசுவது என்று நீங்கள் கேட்கவில்லை. ஆனாலும் கடிதத்தில் பாதி அதுதான். ஒன்பது காசையும் நாற்பது காசையும் தாளில் எழுதிச் சாப்பாட்டு மேசையில் வையுங்கள். 'அத்தை வந்ததால் பில் ஏறியது' என்று தொடங்கியதை நீங்களே திருத்திக்கொண்டால் மற்றது தானாக நடக்கும். மகன் கொஞ்சம் முறைப்பான், பரவாயில்லை.

வரும் ஞாயிறு இரவு வீட்டுக்கு வெளியே உள்ள மீட்டர் பெட்டியில் அளவைப் படம் எடுத்துவையுங்கள். அடுத்த ஞாயிறு அதே நேரத்தில் இன்னொன்று, அதற்கடுத்த ஞாயிறு மூன்றாவது. முதல் வாரம் எதையும் மாற்றாதீர்கள், ராடைத் தவிர. இரண்டாவது வாரம் ஹீட்டர் நேரம், 1,400 சுற்று, காற்றாடி மூன்றையும் தொடங்குங்கள். இரண்டு வாரத்துக்கும் இடையில் 25 யூனிட்டாவது குறைய வேண்டும். குறையாவிட்டால் அந்த மூன்று படங்களோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். அப்போது குளிர்பதனப் பெட்டியைச் சந்தேகிக்கலாம். மீட்டர் ஆள் வராத மாதங்களில் அந்த அளவை எஸ்பி செயலியில் நீங்களே பதிவு செய்துவிட்டால் இப்படி இரட்டை பில் இனி வராது. மார்ச் வந்ததும் வெயில் ஏறும், ஏசியும் ஓடத் தொடங்கும். அந்தக் கடிதத்தையும் எதிர்பார்க்கிறேன்.